மறு: கருவையும் தொற்றையும் ஒருங்கே தடுக்கும் சாதனத்துக்குச் சொல்

> பல்நோக்குத் தடுப்புத் தொழில்நுட்பம் என்றே வைத்துவிடலாமே. ஆங்கிலத்திலும் அப்படித்தானே இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

சென்னையில் இருந்து பார்த்தால் இந்தத் தொடரில் குறை தெரியாது. கிளிநொச்சியில் வாசித்துக் காட்டினால் தெரியும். எங்கள் பக்கத்தில் ‘பலநோக்கு’ என்றால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். சங்கக்கடைதான் நினைவுக்கு வரும். அது சிரிப்போடு போய்விடும். ‘தடுப்பு’ அப்படிப் போகாது. 2009க்குப் பிறகு வன்னியில் ‘தடுப்பில இருந்தவர்’ என்றால் தடுப்புக்காவலில் இருந்தவர் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தடுப்பூசி தப்பிக்கொண்டது, ஒரே சொல்லாய் ஊறிவிட்டதால். ‘தடுப்பு’ என்று தலைப்பிட்ட ஆய்வு வினாக்கொத்தை ஒரு பெண்ணிடம் நீட்டினால், முதல் கேள்விக்கு முன்பே முகம் மாறும்.

ஆகவே ‘காப்பு’. கோயிலில் காப்புக் கட்டுவது எல்லோரும் அறிந்தது. கைவளையலுக்கும் அதே சொல் என்று அக்கா எழுதியிருந்தார். ‘இரட்டைக் காப்பு’ என்றால் நகைக்கடைதான். ‘இருகாப்பு’ என்று இறுக்கிவிட்டால் அந்த மயக்கம் குறையும். ‘இரட்டைப் பாதுகாப்பு’ வேண்டாம். மாத்திரையும் எடுத்து ஆணுறையும் பயன்படுத்துவது போல இரண்டு முறைகளைச் சேர்த்துக் கையாள்வதற்கு அந்தத் தொடர் தேவைப்படும். நாம் பெயர் தேடுவது ஒரே சாதனத்துக்கு. ஆணுறையும் பெண்ணுறையும் அந்த வகை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கவென உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த, யோனிக்குள் வைக்கும் டாபிவிரின் மருந்து வளையம் இருகாப்பு ஆகாது, அது கருவைத் தடுக்காது. கருத்தடை ஹோர்மோனையும் அதில் சேர்த்தால்தான் ‘இருகாப்பு வளையம்’. (வெறுமனே ‘வளையம்’ என்றால் கருப்பைக்குள் வைக்கும் லூப் என்று விளங்கிக்கொள்வார்கள். கவனம்.)

அடுத்தது, ‘ஏற்புடைமை’. பெண்களின் விருப்பை அறியும் ஆய்வுக்கு அதைப் போட்டிருக்கிறீர்கள். இதில் நான் உடன்படவே மாட்டேன். கென்யாவிலும் தென்னாபிரிக்காவிலும் 18 முதல் 30 வயது வரையான 277 பெண்களிடம், இருகாப்புச் சாதனங்களுக்கு மாதிரியாக, மருந்தில்லாத மாத்திரை, வளையம், ஊசி மூன்றையும் முறைக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது பெரும்பாலோர் கேட்டது ஊசியை. ஒன்றைப் பொறுத்துக்கொள்வது ஏற்பு. மற்றவற்றை விட்டு அதைக் கேட்பது விருப்பு. வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு பெண்களுக்குச் சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைத்தார்கள் என்று 2013இல் குற்றச்சாட்டு எழுந்த மாவட்டம் இது. இங்கே ‘ஏற்கிறீர்களா’ என்று கேட்டால் ‘ஓம்’ என்றுதான் பதில் வரும். அந்த ‘ஓம்’ ஆய்வுக்கு உதவாது. ‘விருப்பு’ புதுச்சொல்லும் அல்ல, தேர்தலில் விருப்பு வாக்குப் போடாதவர் யார்?

இன்னொன்று மிச்சம். இரண்டு கற்பனைச் சாதனங்களைச் சொல்லி, ஒன்று மாதத்துக்கு ஒருமுறை, கணவருக்குத் தெரியவராது; மற்றது நாளாந்தம், வேண்டாமென்றால் உடனே நிறுத்தலாம், எதை எடுப்பீர்கள் என்று கேட்கும் முறைக்குத் ‘தெரிவுச் சோதனை’ என்று குறித்து வைத்தேன். ‘சோதனை’ என்றதும் இரத்தம் எடுக்கப்போகிறார்கள் என்று எழும்பிப் போய்விடுவார்கள் என்கிறார் இங்குள்ள குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர். ‘தெரிவுக் கேள்வி’ போதுமா, அல்லது ஆய்வுமுறை என்ற கனம் அதில் குறைந்துவிடுகிறதா? அக்காவும் பார்த்து எழுதட்டும்.