இசைக்குழுவைப் பதிவு செய்ய வேண்டும்: பார்ட்னர்ஷிப்பா, எல்.எல்.பி.யா?

மதுரையில் 7 பேர் சேர்ந்து மெல்லிசைக் குழு நடத்துகிறோம். கல்யாணம், கோயில் திருவிழாக் கச்சேரிகள்தான் பிழைப்பு. 6 வருடமாக எல்லாப் பணமும் என் சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது. போன வருடம் 17 லட்சம். ஆளுக்கு ஒரு பங்காகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வருமான வரி) என் பான் எண்ணில் பிடித்திருப்பதால் மொத்தமும் என் வருமானமாகத் தெரிகிறது.

குழுப் பெயரில் நடப்புக் கணக்கு கேட்டால், பதிவுச் சான்று கொண்டுவரச் சொல்கிறார்கள். ஒரு ஆடிட்டர் என் பெயரிலேயே தனிநபர் தொழிலாக நடத்தச் சொன்னார். அப்புறம் எல்லோரும் காசு போட்டு வாங்கிய மிக்சரும் ஸ்பீக்கரும் என்னுடையதாகிவிடும், மனசு ஒப்பவில்லை. இன்னொருவர் எல்.எல்.பி. (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) என்றார். தொழில் கடன் சொந்த வீடுவரை வராது, சரி. ஆனால் வருடாவருடம் படிவம் 8 (கணக்கு அறிக்கை), படிவம் 11 (ஆண்டு அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டுமாம். நாங்கள் டீசல் பில்லையே தொலைக்கிற ஆட்கள். 1932 சட்டப்படி பார்ட்னர்ஷிப் பத்திரம் எளிது, ஆனால் நிறுவனத்தின் பெயரில் ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு.

இதற்கிடையில் டிரம்மர் வேறு தை மாதத்தோடு விலகுகிறார். ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாகும் 20 லட்ச வரம்பும் நெருங்குகிறது.

இப்படி ஆள் வந்து போகும் குழுவுக்கு இந்த இரண்டில் எது ஒத்துவரும்?