லைப்சிக் நகரில் செப்டம்பர் முழுவதும்: தங்குமிடம், ரயில் சீட்டு, நான்கு வார இறுதிகள்

காவிரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். வரும் செப்டம்பர் மாதம் முழுவதும் லைப்சிக் நகரில் தங்கி ஜெர்மன் மொழி வகுப்பில் படிக்கவிருக்கிறேன். என் மனைவியும் உடன் வருகிறார். விசா, காப்பீடு, விமானச் சீட்டு எல்லாம் முடிந்துவிட்டன. வீடும் வார இறுதிப் பயணங்களும்தான் இன்னும் முடிவாகவில்லை.

வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் நடப்பதால் வெளியூர் செல்லச் சனியும் ஞாயிறும்தான் இருக்கின்றன. முதல் வாரம் பெர்லின், இரண்டாம் வாரம் மியூனிக், மூன்றாம் வாரம் பிராக், கடைசி வாரம் டிரெஸ்டன் என்று எழுதி வைத்திருக்கிறேன். எல்லோரும் சொல்லும் அந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டை வாங்கினால் இவை அனைத்துக்கும் போதுமா? நாங்கள் இருவரும் சைவம். சமைத்துச் சாப்பிட வசதியுள்ள வீடாக எந்தப் பகுதியில் பார்க்கலாம்? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும், நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவர் தனியாகச் சென்று வரக்கூடிய இடங்கள் வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்து ஆலோசனை கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

லைப்சிக் வாசன் எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில் சீட்டு விஷயம். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக இருக்கிறது. நகரத்து டிராம், பேருந்து, எஸ்-பான் எனும் புறநகர் ரயில் ஆகியவற்றிலும் நாடெங்கும் ஓடும் வட்டார ரயில்களிலும் அது செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. ஆகவே தாங்கள் எழுதிய நான்கு ஊர்களில் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வசதியாகச் சென்று திரும்பக்கூடியது டிரெஸ்டன் ஒன்றுதான். மியூனிக்கிற்கு விரைவு ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் சனிக்கிழமைப் பகல் முழுவதும் பெட்டியிலேயே கழிந்துவிடும்.

இந்தச் சீட்டு சந்தாவாகத்தான் விற்கப்படுகிறது, அதுவும் காலண்டர் மாதக் கணக்கில். செப்டம்பர் 1 முதல் தொடங்கும்படி வாங்கி, 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட்டால் மாதக் கடைசியோடு கணக்கு முடிந்துவிடும். மறந்துவிட்டால் ஊர் திரும்பிய பிறகு அக்டோபருக்கும் பணம் பிடிப்பார்கள். ஆகஸ்ட் கடைசியிலேயே வந்து இறங்குவதாக இருந்தால், அந்த ஓரிரு நாட்களுக்காக ஆகஸ்ட் மாதச் சீட்டு வாங்க வேண்டாம். சாதாரண நாள் சீட்டு போதும். விற்பனையாளர்கள் சிலர் ஐரோப்பிய வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே பணம் எடுப்பார்கள். கிரெடிட் கார்டை ஏற்கும் செயலியாகப் பார்த்து வாங்குங்கள். சீட்டு ஆளுக்கு ஒன்று, பெயருக்கு உரியது. ஒருவருடையதை மற்றவர் பயன்படுத்த முடியாது. பரிசோதகர் அடையாள ஆவணம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

தங்கள் துணைவியார் டிராமில் அதிகம் போக மாட்டார் என்றால், அவருக்கு மாதச் சீட்டு இல்லாமலும் சமாளிக்கலாம். சாக்சன், சாக்சன்-அன்ஹால்ட், தூரிங்கியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் வட்டார ரயில்களில் செல்லும் ஒரு நாள் சீட்டு இருக்கிறது. வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் அது செல்லும். சனி, ஞாயிறுகளில் அந்தத் தடை இல்லை. ஆனால் தனியாக ஊர் சுற்றப்போகிறவருக்கு மாதச் சீட்டே நிம்மதி என்பது என் கருத்து. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் முன் நின்று மண்டலக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டைப் பொறுத்தவரை, இந்நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட நான்கைந்து மாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. உயர்ந்த கூரையும் செதுக்கிய முகப்புமாகப் பார்க்க மிக அழகாக இருக்கும். பலவற்றில் லிப்ட் கிடையாது. படத்தைப் பார்த்து மயங்கி நான்காம் மாடியில் வீடு எடுத்துவிட்டால், காய்கறிப் பையுடன் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கியே அம்மாவின் முழங்கால் தேய்ந்துவிடும். எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, அடுப்பு இண்டக்‌ஷனா என்ற மூன்றையும் முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய குக்கர் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடி உள்ளதாகக் கொண்டுவர வேண்டும். தெற்கே ஸ்யூட்ஃபோர்ஷ்டாட், மேற்கே ஷ்லாய்சிக், வடக்கே கோலிஸ் ஆகியவை டிராம் வசதியுள்ள, குடும்பத்தோடு இருக்க ஏற்ற பகுதிகள். வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று எவரேனும் எழுதினால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதங்களுக்குள் திரும்பிவிடுவாராயின் நகராட்சியில் முகவரி பதிய வேண்டியதில்லை என்பதால் அந்த அலைச்சல் தங்களுக்கு இல்லை.

சமையலுக்குக் கவலைப்பட வேண்டாம். மைசூர்ப் பருப்பு என்று நாம் சொல்வது டி.எம். என்ற வீட்டுப் பொருள் கடையிலேயே கிடைக்கும். துருக்கி, அரபுக் கடைகள் நிறைந்த ஐசன்பான் தெருவில் அரிசி, பருப்பு, மசாலாப் பொருட்கள் எல்லாம் வாங்கலாம். ஊரிலிருந்து பொடி வகைகளைத் தாராளமாகக் கொண்டுவரலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களுக்கும் பச்சைக் கறிவேப்பிலைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லையில் அனுமதி இல்லை.

ஹாலே மாணவி எழுதியது:

ஐயாவுக்கு வணக்கம். சீட்டைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஊர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான்கு வார இறுதிகளுக்கு நான்கு பெருநகரங்கள் என்ற திட்டத்தை மாற்றினால் நல்லது. லைப்சிக்கைச் சுற்றி ஒன்றரை மணி நேர ரயில் தொலைவுக்குள் இருப்பவற்றைப் பார்க்கவே ஒரு மாதம் போதாது. இரவு வெளியில் தங்க வேண்டிய செலவும் இல்லை.

எஸ்-பானில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் விட்டன்பெர்க் வந்துவிடும். 1517இல் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் 95 கருத்துரைகளோடு சேர்த்துச் சொல்லப்படும் கோட்டை ஆலயம் அங்கேதான் இருக்கிறது. இப்போது எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் வெண்கலக் கதவு 1858இல் பொருத்தப்பட்டது. பழைய மரக்கதவு 1760இலேயே தீயில் எரிந்துபோனது. அதே நாளில் டெசாவ் சென்று, 1926இல் திறக்கப்பட்ட பாவ்ஹாவ்ஸ் கலைப்பள்ளியின் கட்டடத்தையும் பார்த்துத் திரும்பலாம். இரண்டு ஊர்களிலும் தரை சமமானது.

வைமார் நகருக்குச் சனி முழுவதையும் ஒதுக்குங்கள். பூஹன்வால்ட் வதைமுகாம் நினைவிடத்துக்கு ரயில் நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, அனுமதி இலவசம். 1937 முதல் 1945 வரை அங்கே 56,000 பேருக்கு மேல் மாண்டனர். காலையில் அதைப் பார்த்துவிட்டு மாலையில் கவிஞர் கேத்தேயின் ஊரில் கேக் சாப்பிடுவது என்னால் முடியவில்லை, சிலருக்கு முடிகிறது. சனியன்று ஊரையும், மற்றொரு நாளில் நினைவிடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன்.

எங்கள் ஹாலேவுக்கு அவசியம் வர வேண்டும். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே தொடங்கிய கல்விக் கூடங்கள் இங்கே இன்றும் நிற்கின்றன. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கே படித்தவர். தமிழ் எழுத்துகளை அச்சில் வார்த்து இங்கிருந்துதான் கப்பலில் அனுப்பினார்கள். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இங்கே அச்சேறியது. ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றை நேரில் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். வார நாளில்தான் இயலும், வகுப்பு முடிந்து பிற்பகலில் ஏறினாலே வந்து சேரலாம். அதே வளாகத்தில் பழைய அனாதை இல்லத்தின் மேல்தளத்தில் உள்ள அரும்பொருள் அறையைப் பார்க்க எந்த முன் அனுமதியும் வேண்டாம்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு ஜெர்மனி முழுவதும் திறந்த நினைவுச்சின்னங்களின் நாள். வழக்கமாகப் பூட்டியிருக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றை அன்று திறந்து வைத்துக் கட்டணமின்றிக் காட்டுகிறார்கள். அந்த ஞாயிறன்று எங்கும் போகாமல் லைப்சிக்கிலேயே இருந்துவிடுங்கள்.

எழுபதிலும் பயணம் எழுதியது:

மேலே இருவரும் எழுதியதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் பெர்லினை அடியோடு விட்டுவிடச் சொல்வது போலத் தோன்றுகிறது. அதை ஏற்க மாட்டேன். ஐ.சி.இ. ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். முன்கூட்டியே வாங்கினால் மலிவான சீட்டு கிடைக்கும்; குறிப்பிட்ட அந்த ரயிலில் மட்டுமே அது செல்லும். ரயில் தாமதமாகி, போய்ச் சேரும் நேரம் இருபது நிமிடங்களுக்கு மேல் தள்ளிப்போகும் நிலை வந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும். வேறு ரயிலில் ஏறலாம். வட்டார ரயிலில் மாறிச் செல்ல இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இளம் வயதில் சிக்கனம் பார்த்தேன், இப்போது பார்ப்பதில்லை. சனி காலை போய், ஓர் இரவு தங்கி, ஞாயிறு மாலை திரும்புங்கள். மியூனிக்கையும் பிராக்கையும் வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெஸ்டனுக்கு வட்டார ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து எஸ்-பானில் எல்பே ஆற்றோரமாகப் பாறை மலைகளுக்குப் போவது எல்லோரும் சொல்லும் பயணம்தான். படங்களில் வரும் பாஸ்டைக் கல்பாலம் 1851இல் கட்டப்பட்டது, ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே நிற்கிறது. ராட்டன் கிராமத்திலிருந்து அதற்கு ஏறும் வழியில் படிகளுக்குக் குறைவில்லை. அம்மாவுக்கு அது வேண்டாம். அடுத்துள்ள கோனிக்ஸ்டைன் கோட்டையில் மேலே செல்ல லிப்ட் இருக்கிறது. மதில் ஓரமாக நடந்தால் அதே ஆற்று வளைவு கண்ணுக்குத் தெரியும்.

வார நாட்களில் அம்மா தனியே செல்ல ஒரு யோசனை. தூய நிக்கோலாஸ் ஆலயத்தின் தூண்கள் உச்சியில் பனை ஓலைகளாக விரிவதை அருகில் நின்று பார்க்க வேண்டும். 1989இல் கிழக்கு ஜெர்மனி அரசைக் கவிழ்த்த திங்கட்கிழமை ஊர்வலங்கள் அந்த ஆலயத்திலிருந்துதான் புறப்பட்டன. அங்கிருந்து சிறிது நடந்தால், அன்றைய ரகசியப் போலீசாரின் அலுவலகமே அருங்காட்சியகமாக மாறியிருக்கிறது. பொதுவாக அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்று காரல் ஹைனே கால்வாய் ஓரமாகச் சமதரையில் நடக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மட்டும் இருவரும் தூய தோமா ஆலயத்துக்குப் போய்விடுங்கள். இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750இல் இறக்கும் வரை பணியாற்றிய இடம் அது. அவர் கல்லறையும் அங்கேதான். சிறு கட்டணத்தில் பாடகர் குழுவைக் கேட்கலாம். சனி பிற்பகல் மூன்று மணிக்கும் உண்டு, ஆனால் அன்று தாங்கள் ரயிலில் இருப்பீர்கள்.

காவிரிக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மியூனிக்கையும் பிராக்கையும் நீக்கிவிட்டேன். முதல் வாரம் வைமார். இரண்டாம் வாரம் சனியன்று விட்டன்பெர்க்கும் டெசாவும், ஞாயிறு லைப்சிக். மூன்றாம் வாரம் பெர்லினில் ஓர் இரவு. நான்காம் வாரம் டிரெஸ்டனும் கோனிக்ஸ்டைனும் என்று மாற்றி எழுதியிருக்கிறேன். ஹாலே காப்பகத்துக்கு இன்றே கடிதம் எழுதுகிறேன். ஒரே ஓர் ஐயம்: ஞாயிறு இரவு திரும்பி வரும்போது கடைகள் திறந்திருக்குமா?

லைப்சிக் வாசன் எழுதியது:

ஞாயிறன்று கடைகள் அடைப்புதான் ஐயா. பெரிய ரயில் நிலையங்களுக்குள் உள்ள சில கடைகளுக்கு விதிவிலக்கு உண்டு. லைப்சிக் மத்திய நிலையத்திலும் அப்படிச் சில இருக்கின்றன, விலையும் கூட்டமும் சற்று அதிகம். திங்கள் காலைக்கான பாலும் ரொட்டியும் வெள்ளி மாலையே வாங்கி வைத்துவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் தண்டவாளப் பராமரிப்பு நடப்பதும் உண்டு. புறப்படுவதற்கு முந்தைய இரவு ரயில்வே செயலியில் அந்த ரயில் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.