மறு: கிளட்ச் அரட்டை அடிக்குமா?

பெங்களூர் அல்சூரிலிருந்து, ஞாயிறு காலை

வணக்கம்.

> கிளட்ச் சேட்டர்: கிளட்ச் அரட்டை
> கிளட்ச் ரேட்டில்: கிளட்ச் கிலுகிலுப்பு
> செயின் நாய்ஸ்: சங்கிலி இரைச்சல்
> செயின் ஸ்லாப்: சங்கிலி அறை

ஐயா, பைக் பராமரிப்புக் கையேட்டுக்காக நீங்கள் அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலை நேற்று ராத்திரியே பார்த்துவிட்டேன். அரட்டையைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் பாதி கிளட்சில் ஊர்கிற வண்டிக்கு அரட்டை அடிக்கத் தெம்பு ஏது?

சொல்லை விடுங்கள், பொருளைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் சேட்டர் என்று சொல்கிறார்களே தவிர, அங்கே முதலில் நடப்பது ஓசை இல்லை. முதல் கியர் போட்டு லீவரை மெல்ல விடும்போது, கிளட்சுக்குள் அடுக்கியிருக்கும் தட்டுகள் ஒரே பிடியாகப் பிடிக்காமல் பிடித்து, வழுக்கி, மறுபடி பிடிக்கின்றன. இது நொடிக்குப் பல தடவை நடப்பதால் வண்டி முழுக்க ஆடுகிறது. காதுக்கு முன்னால் தொடைக்கும் கைப்பிடிக்கும்தான் அது தெரியும். எஃகுத் தட்டு வளைந்திருக்கலாம், உராய்வுத் தட்டின் மேல்பூச்சு பளபளவென்று இறுகிப்போயிருக்கலாம். தட்டுகள் உட்காரும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் காடிகளில் தட்டின் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கலாம், அந்தப் பள்ளத்தில் தட்டு மாட்டி மாட்டி நகரும். எண்ணெயும் காரணமாகும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் எஞ்சின் எண்ணெயிலேயே முழுகிக் கிடக்கிறது. உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் தட்டு வழுக்கத்தான் செய்யும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ (எண்ணெயில் முழுகும் பைக் கிளட்சுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்று பார்த்து வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஆகவே என் முன்மொழிவு: கவ்வுநடுக்கம். ஓசை என்ற சொல்லே அதில் வேண்டாம்.

அடுத்தது சங்கிலி இரைச்சல். இதில்தான் எனக்குப் பெரிய மனத்தாங்கல், ஏனென்றால் நானே மாட்டிக்கொண்டேன். போன மாதம் என் 150 சிசி வண்டி மெதுவாகக் கிளம்பும்போதெல்லாம் டொக், டொக் என்றது. லீவரை விடும்போது வருவதால் கிளட்ச் சத்தம் என்றே முடிவுகட்டி, ஜே.சி. ரோடு பக்கம் ஒரு சந்தில் இருக்கும் நம்ம ஊர் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். பக்கத்துப் பையனிடம் கன்னடம், எதிர்க்கடை பாயிடம் உருது, என்னிடம் தமிழ் என்று மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் பேசுகிறவர். "கிளட்ச் சத்தம்ணே" என்றேன். "அத நான் சொல்றேன். எப்ப வருது, எப்ப நிக்குது, அத மட்டும் நீ சொல்லு" என்றார்.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி நியூட்ரலில் நிறுத்தினார். சத்தம் இல்லை. "நின்ன எடத்துல வந்தா அது ஓட்டுற செயின் கிடையாது. சக்கரம் சுத்துனாத்தான் அந்தச் செயின் சுத்தும். நின்னுக்கிட்டே கடகடன்னா எஞ்சினுக்குள்ள வால்வ ஆட்டுற டைமிங் செயின், இல்லேன்னா கிளட்ச் ஹவுசிங்." லீவரைப் பிடித்தார், விட்டார். நியூட்ரலில் கடகடப்பு இருந்து, லீவரைப் பிடித்ததும் அடங்கினால் ஹவுசிங்கோ கியர்பாக்ஸ் பேரிங்கோ தளர்ந்திருக்கிறது; பிடித்தால் மட்டும் வந்தால் தட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். என் வண்டியில் இரண்டும் இல்லை.

அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சந்தில் தள்ளச் சொன்னார். டொக் கேட்ட இடத்திலெல்லாம் பையன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டான். கோட்டுக்குக் கோடு கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். "சக்கரம் இல்ல, செயின்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன், அப்படியே ஒத்துவருகிறது. பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) 43 பல், செயினில் 108 கண்ணி. செயின் ஒரு முழுச் சுற்று வர பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால் அது சுமார் 4.8 மீட்டர். எங்கோ ஒரு கண்ணி துருப்பிடித்து இறுகிவிட்டது. அது 14 பல் உள்ள முன் ஸ்ப்ராக்கெட்டில் மடங்க மறுக்கும்போதெல்லாம் ஒரு டொக். பின் ஸ்ப்ராக்கெட் பெரிது, அங்கே அவ்வளவாக மடங்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டருக்கு ஒரு தரம் வந்திருந்தால் சக்கரத்தையோ பின் ஸ்ப்ராக்கெட்டையோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், "இரைச்சல்" என்று மொத்தமாக எழுதினால் கையேட்டைப் படிக்கிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த அண்ணன் ஒரு தடவைகூட சத்தம் என்று சும்மா விடவில்லை. கடகடங்குதா, நறநறங்குதா, கிறீச்சுங்குதா என்றுதான் கேட்டார். கடகட என்றால் தளர்ந்த இரும்பு இரும்பில் இடிக்கிறது. நறநற என்றால் நடுவில் மண் புகுந்திருக்கிறது. கிறீச் என்றால் எண்ணெய் காய்ந்துவிட்டது. உய்ங் என்று இழுத்தால் செயினை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் (பல சிறிய வண்டிகளுக்கு 20 முதல் 30 மிமீ தொய்வு வேண்டும், உங்கள் வண்டியின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்). காரணம் ஓசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இரட்டைக்கிளவியை இலக்கண வகுப்போடு விட்டுவிட்டோம், பட்டறையில் அதை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது.

அதனால்: கடகடப்பு, நறநறப்பு, கிறீச்சொலி. முன்னால் உறுப்பின் பெயர் சேர்த்துக்கொள்ளலாம்: ஹவுசிங் கடகடப்பு, செயின் நறநறப்பு. கலகலப்பு மட்டும் வேண்டாம், கல்யாண வீடு ஆகிவிடும். படபடப்பும் வேண்டாம், அது ஓட்டுகிறவருக்கு வருவது.

அன்புடன்,
அல்சூர்க்காரன்

---

பீன்யாவிலிருந்து, ஞாயிறு மாலை

தம்பி, நல்ல மடல். பட்டியல் போட்ட கிழவன் என்ற முறையில் அரட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் கவ்வுநடுக்கம் எனக்குப் பிடிபடவில்லை. முப்பது வருடம் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) நின்றவன் நான். அங்கேயும் சேட்டர் உண்டு. உளி அதிர்ந்து, கடைந்த பரப்பில் அலை அலையாகக் கோடு விழும். அதற்கும் நாளை சொல் தேவைப்படும். லேத்தில் கவ்வுவது கடையும் பொருளைப் பிடிக்கும் சக், அதிர்வதோ உளி. உங்கள் சொல்லை அங்கே கொண்டுபோனால் பொருள் மாறிவிடும். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டாமா? மேலும், வகரம் இரட்டித்து நிற்கும் இந்த நீளச் சொல்லை எந்த மெக்கானிக் வாயால் சொல்வார்?

கடகடப்புக்கு என் ஓட்டு. நறநறப்பு பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். செயினில் மண் புகுந்தால் நடப்பதும் அதுதானே, இருக்கட்டும். ஆனால் செயின் ஸ்லாப்பை ஏன் தொடவே இல்லை?

---

அல்சூரிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, உங்கள் மடலைப் பார்த்த பிறகு இன்று மாலை அதே கடைக்குப் போனேன். புது செயின் செட் மாட்டி 500 கிலோமீட்டர் ஆகிவிட்டது, தொய்வு பார்க்க வேண்டியிருந்தது. "அண்ணே, கிளட்சுல கவ்வுநடுக்கம்னு சொன்னா புரியுமா?" என்று கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார். கிளம்பும்போது இப்படி என்று கையை ஆட்டிக் காட்டினேன். "ஓ, உதறலா? வண்டி உதறுதுன்னு சொல்லேன்."

இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

உதறல்: கிளட்ச் உதறல், உளி உதறல். லேத்துக்கும் பொருந்தும், வாயிலும் சிக்காது. காய்ச்சலில் உடம்பு உதறுவதை அறிந்த யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை. கவ்வுநடுக்கத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

செயின் ஸ்லாப் பற்றியும் கேட்டேன். தொய்ந்த செயின் மேலும் கீழும் துள்ளி கவரில் அடிக்கும் அந்தச் சத்தத்துக்கு அவர் "செயின் அடிக்குது" என்கிறார். செயினடி என்று எழுதலாமா? அடிதடி வாசனை வருகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. உங்கள் "சங்கிலி அறை"யைப் படித்தால் யாரையோ பூட்டி வைத்த அறை ஞாபகம் வருகிறது. இப்போதைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.