ஜார்ஜியா சட்டமன்றம், 1868: ஓட்டுப் போடலாம், உட்காரக் கூடாதா?

கேட்டவர்: வாசகசாலை அக்கா, சுங்கை சிப்புட், மலேசியா

வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையில் ஆறாம் படிவ மாணவர்களோடு மாதந்தோறும் ஒரு வரலாற்றுத் தலைப்பைப் பேசுகிறோம். இம்முறை அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென்மாநிலச் சட்டமன்றங்களுக்குள் நுழைந்த கறுப்பின உறுப்பினர்கள். 1868இல் ஜார்ஜியாவில் தேர்தலில் வென்று வந்தவர்களைச் சட்டமன்றமே வெளியேற்றியது என்று படித்தேன். எந்தச் சட்டத்தைக் காட்டி வெளியேற்றினார்கள்? வாக்களிக்கும் உரிமை இருந்ததே!

இன்னொன்று. கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர், "நேற்று வரை பருத்திக்காட்டில் கிடந்தவனுக்குச் சட்டம் எப்படித் தெரியும்? அதனால்தான் அனுப்பிவிட்டார்கள்" என்று முடித்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர்களின் பிள்ளைகள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மாணவர்கள் இதையே கேட்டால் நான் என்ன சொல்வது?

பதில்: பழைய கிராணி

தங்கச்சி, பெரியவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இரவு தூக்கம் வராது. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) எழுதியே தலை நரைத்தவன் நான். "அவனுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். கணக்குத் தெரியாத தொழிலாளியைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை. சம்பள நாளில் தன் பெயருக்கு நேரே விரலை வைத்து, "ஐயா, இங்கே இரண்டு நாள் குறைகிறதே" என்று கேட்பான் பாருங்கள், அவனைப் பற்றித்தான் பேசுவார்கள்.

ஜார்ஜியாவிலும் அதே கதைதான். ஹென்றி மெக்நீல் டர்னரை எடுத்துக்கொள்ளுங்கள். 1834இல் தென் கரோலினாவில் அடிமையாக அல்லாமல் பிறந்தவர். பருத்திக்காட்டிலும் வேலை செய்திருக்கிறார், வழக்கறிஞர் அலுவலகத்தில் எடுபிடியாக இருந்தபோது அங்கிருந்தவர்களிடமே பாடமும் கற்றிருக்கிறார். பிறகு மதகுரு. போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றின் குருவாக லிங்கன் அரசு அவரை நியமித்தது. மேக்கன் நகரம் இருக்கும் பிப் மாவட்டத்திலிருந்து சட்டமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு வந்தவர். இவருக்கா சட்டம் தெரியாது?

மேலவையான செனட்டுக்கு வந்த டியூனிஸ் கேம்பல் இன்னும் சுவாரசியமானவர். 1812இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர். ஹோட்டல் பணியில் இருந்து, 1848இலேயே ஹோட்டல் நிர்வாகத்துக்கு ஒரு கையேடு எழுதி வெளியிட்டவர். போர் முடிந்ததும் ஜார்ஜியா கடலோரத் தீவுகளில் விடுதலை பெற்ற மக்களைக் குடியமர்த்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. லிங்கனுக்குப் பின் வந்த அதிபர் ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். கேம்பல் அசரவில்லை. மெக்கின்டாஷ் மாவட்டத்தில் 1,250 ஏக்கர் தோட்டம் ஒன்றைப் பேசி, மக்களைச் சங்கமாகச் சேர்த்துப் பயிரிட வைத்தார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கச் சிரமப்பட வேண்டாம். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்க 1960இல் ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாத்தா பாட்டி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய கதையை அவர்கள் வீட்டிலேயே கேட்டிருப்பார்கள். டேரியன் ஊரில் நீதிபதிப் பொறுப்பும் கேம்பலிடம் இருந்தது. தொழிலாளியை ஏமாற்றும் ஒப்பந்தங்களை அவர் விடவில்லை, கறுப்பின மாலுமிகளைக் கொடுமைப்படுத்திய கப்பல் தலைவர்களையும் விடவில்லை. தோட்ட முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது அவருடைய அறியாமையைப் பார்த்தா?

இனி நீங்கள் கேட்ட சட்டம். 1867இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தென்மாநிலங்களைப் படைத்துறைக் கண்காணிப்பில் வைத்து, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்துப் புதிய அரசமைப்பை எழுதச் சொன்னது. ஜார்ஜியாவில் அதை எழுதிய மாநாட்டில், பதவி வகிக்கும் உரிமையை வெளிப்படையாகச் சொல்லும் பிரிவு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். "வாக்குரிமை இருந்தால் பதவி உரிமையும் அதற்குள் அடக்கம்தானே, எதற்கு வீண் வம்பு" என்ற பேச்சை நம்பிக் கறுப்பினப் பிரதிநிதிகள் பெரும்பாலோரும் ஒப்புக்கொண்டார்கள். தேர்தல் நேரத்தில் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜோசப் பிரவுனே, இந்த அரசமைப்பு கறுப்பினத்தவருக்குப் பதவி உரிமை தரவில்லை என்று மேடையில் பேசினார்.

ஜூலையில் அட்லான்டாவில் கூடிய சட்டமன்றம், கறுப்பினத்தவருக்கும் குடியுரிமையை உறுதிசெய்யும் பதினான்காவது அரசமைப்புத் திருத்தத்தை ஏற்றது. மாநிலம் ஒன்றியத்துக்குள் திரும்பியது, படையும் ஒதுங்கியது. செப்டம்பர் 3ஆம் தேதி பிரதிநிதிகள் அவை தன் கறுப்பின உறுப்பினர்களை வெளியேற்றியது. சில நாள் கழித்து செனட்டும் அதையே செய்தது. வெளியேற்றப்பட வேண்டியவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கில்லை. ஆளும் குடியரசுக் கட்சியின் வெள்ளை உறுப்பினர்களில் பலர் இவர்களை வெளியேற்றவே ஓட்டுப் போட்டார்கள், அல்லது ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டார்கள். காலியான நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? அதே தேர்தலில் இவர்களிடம் தோற்றவர்களை! இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மற்றதை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

அன்று டர்னர் பேசிய பேச்சை முழுதாக வாசிக்க வையுங்கள். உரிமைக்காக யார் காலிலும் விழ மாட்டேன், நான் மனிதனா இல்லையா என்பதுதான் கேள்வி என்று தொடங்குகிறார். எங்கள் மக்கள் இரண்டரை நூற்றாண்டு உங்கள் வயல்களில் உழைத்து அறுவடை செய்தார்கள், அதற்கெல்லாம் இப்போது கூலி கேட்கவில்லை, இன்றைய உரிமையை மட்டும் கேட்கிறோம் என்கிறார். காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

பதில்: சட்டம் படித்தவன், ஈப்போ

கிராணி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. சவானா நகரில் ரிச்சர்ட் ஒயிட் என்பவர் நீதிமன்ற எழுத்தர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் உடம்பில் கறுப்பின ரத்தம் இருக்கிறது, ஆகவே பதவி செல்லாது என்று தோற்றவர் வழக்குப் போட்டார். 1869இல் மாநில உச்ச நீதிமன்றம் கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெரும்பான்மையில் கையெழுத்திட்ட தலைமை நீதிபதி யார்? முந்தைய ஆண்டு மேடையில் மறுத்துப் பேசிய அதே ஜோசப் பிரவுன்! அரசமைப்பை விட்டுவிட்டு மாநிலச் சட்டத் தொகுப்பை ஆதாரமாகக் காட்டினார். சாமர்த்தியசாலி.

தீர்ப்பு வந்தும் சட்டமன்றம் அசையவில்லை. நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற பதினைந்தாவது திருத்தத்தை அது முன்பே தள்ளிவிட்டிருந்தது. அதன் பிறகுதான் காங்கிரஸ் 1869 டிசம்பரில் மறுபடி படைத்துறைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1870 ஜனவரியில், படைத்தளபதி ஜெனரல் டெரியின் மேற்பார்வையில், வெளியேற்றப்பட்டவர்கள் அவைக்குத் திரும்பினார்கள்.

பதில்: வாசகசாலை அக்கா

இருவருக்கும் நன்றி. எல்லாரையுமே வெளியேற்றினார்களா? சிலர் தப்பித்ததாக எங்கோ பார்த்தேன். அவைக்கு வெளியே அவர்களுக்கு என்ன நடந்தது?

பதில்: தைப்பிங்காரன்

நால்வரை விட்டுவைத்தார்கள் அக்கா. தோல் வெளுப்பாக இருந்ததால் கறுப்பினம் என்று நிரூபிக்க முடியவில்லையாம். சட்டம் எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்திருக்கிறது பாருங்கள்!

வெளியே நடந்தது கொடுமை. வெளியேற்றிய அதே மாதத்தில் கமில்லா ஊரில் நடந்த தேர்தல் ஊர்வலத்தில் வந்த கறுப்பினத்தவர் பலரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஊர்வலத்தை நடத்தியவர்களில் ஒருவர் பிலிப் ஜாய்னர், வெளியேற்றப்பட்ட உறுப்பினர்.

கிரீன் மாவட்டத்து ஏப்ரம் கோல்பி இன்னொருவர். விலகிக்கொண்டால் பணம் தருகிறோம் என்றார்கள். மாவட்டத்தையே எழுதிக் கொடுத்தாலும் மாட்டேன் என்றார். 1869 அக்டோபரில் கூ கிளக்ஸ் என்ற வெள்ளையர் ரகசியக் கூட்டத்தார் இரவில் கதவை உடைத்து, காட்டுக்கு இழுத்துப் போய் மணிக்கணக்கில் அடித்தார்கள். இனி குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுவாயா என்று கேட்டதற்கு, நாளைக்கே தேர்தல் வந்தாலும் போடுவேன் என்றார். மறுபடி அடித்தார்கள். காங்கிரஸ் விசாரணைக் குழுவிடம் இதை அவரே சொல்லியிருக்கிறார். அடித்தவர்களில் ஒரு வழக்கறிஞரும் ஒரு மருத்துவரும் இருந்ததையும் சொன்னார். டீக்கடைப் பெரியவரிடம் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள்.

பதில்: சந்தேகப் பிராணி

எல்லாம் சரி. ஆனால் காங்கிரஸ் இரக்கப்பட்டா தலையிட்டது? குடியரசுக் கட்சிக்குக் கறுப்பின ஓட்டு வேண்டும், பதினைந்தாவது திருத்தத்துக்கு இன்னும் மாநிலங்கள் வேண்டும். இதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டாமா?

பதில்: பழைய கிராணி

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி. காரியம் ஆகும் வரைதான் அந்த ஆதரவு என்பதை அடுத்த ஆண்டே பார்த்துவிடலாம். 1870 டிசம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தைப் பிடித்தது. வாஷிங்டன் வேடிக்கை பார்த்தது. கேம்பலை 1876இல் ஒரு வழக்கில் தண்டித்து, கைதிகளை வாடகைக்கு விடும் முறையில் தோட்ட வேலைக்கு அனுப்பினார்கள். அறுபது வயதைக் கடந்த முன்னாள் செனட்டர்! 1877 அரசமைப்பில் தலைவரி (ஆளுக்கு இவ்வளவு என்று விதிக்கும் வரி) பாக்கி முழுவதையும் கட்டினால்தான் ஓட்டு என்று வைத்தார்கள். கடைசிக் கறுப்பின உறுப்பினர், கேம்பலின் அதே மெக்கின்டாஷ் மாவட்டத்து வில்லியம் ராஜர்ஸ், 1907இல் விலகினார். அடுத்தவர் தேர்வாக 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தங்கச்சி, படம் காட்ட வசதி இருந்தால் அட்லான்டா சட்டமன்ற வளாகத்தில் 1978இல் வைத்த நினைவுச் சிற்பத்தைக் காட்டுங்கள். நிறத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் என்பதுதான் அதன் பெயர்.