சங்ககிரி – குருவாயூர்: கோவைக்குள்ள போகாம நீலாம்பூர்ல எப்படிப் பிரியறது?

சங்ககிரி_வண்டி:
வணக்கமுங்க. சங்ககிரியிலிருந்து குருவாயூருக்குக் கார்ல போகணும். அஞ்சு பேர், அதுல ரெண்டு பேர் வயசானவங்க. மேல கேரியர்ல பெட்டி கட்டுவோம். காலை 4 மணிக்குக் கிளம்பறதா உத்தேசம். மேப் ஒரு நேரம் நீலாம்பூர்ல பைபாஸ்ல பிரியச் சொல்லுது. இன்னொரு நேரம் நேரா அவிநாசி ரோடு மேம்பாலம், உக்கடம், குனியமுத்தூர்னு காட்டுது. எந்த வழி சரி? எந்த இடத்துல லேன் மாறணும்? பிரிவைத் தவறவிட்டா என்ன பண்றது? திரும்பி வரும்போது ஒருத்தரைக் கோவை விமான நிலையத்துல இறக்கிவிடணும், அதுக்கும் வழி சொல்லுங்க.

சூலூர்_பிரிவு:
பைபாஸ்ல போங்க. இப்ப என்.எச். 544, பழைய நம்பர் 47. நீங்க வாளையாறு தாண்டற வரைக்கும் இந்த ஒரே நம்பரைப் பிடிச்சுட்டுப் போனாப் போதும். கோவைக்குள்ள நுழையற அவிநாசி ரோடு இதுலிருந்து பிரிஞ்சு போற ரோடுன்னு மனசுல வெச்சுக்குங்க. நேராப் போறதுதான் ஹைவேன்னு நினைக்கிறதாலதான் பாதிப்பேர் ஊருக்குள்ள போய் மாட்டிக்கறாங்க.

பவானி, சித்தோடு, பெருந்துறை, விஜயமங்கலம், செங்கப்பள்ளி, அவிநாசி வரைக்கும் யோசிக்க வேண்டியதே இல்லை. குறுக்கே வர்ற மேம்பாலம் எல்லாத்துலயும் ஏறிப் போயிட்டே இருங்க. ஒண்ணு மட்டும் கவனம்: இந்த ரோட்டுல ஊருக்குள்ள இறங்கற வழி மேம்பாலத்துக்கு முன்னாடியே இடப்பக்கம் சர்வீஸ் ரோடாப் பிரிஞ்சுடும். மேப்ல வர்ற அம்புக்குறி கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சாலே இறங்கச் சொல்லுதுன்னு நினைச்சு இறங்கிடுவாங்க. இறங்கிட்டா பஸ் ஸ்டாப், வேகத்தடை, எதிர்ல வர்ற டூவீலர் எல்லாத்தையும் தாண்டித்தான் மறுபடி மேல ஏற முடியும்.

அவிநாசி தாண்டினா தெக்கலூர், கருமத்தம்பட்டி, அப்புறம் கணியூர் டோல்கேட். டோலை விட்டு வெளிய வந்ததும் வலது லேனை மறந்துடுங்க. அரசூர் வரும்போதே இடது லேன்ல இருக்கணும், வேகம் 60க்குள்ள இருக்கணும். அரசூருக்கு அடுத்தது நீலாம்பூர். போர்டுல பாலக்காடு, கொச்சி, மதுக்கரைன்னு போட்டிருக்கிற பக்கம் போங்க. இடப்பக்கமா, தெற்கு நோக்கித் திரும்பும். ஊர்ல எல்லாரும் எல் அண்ட் டி பைபாஸ்னுதான் சொல்லுவாங்க. யார்கிட்டயாவது வழி கேட்டா அந்தப் பேரையே சொல்லிக் கேளுங்க.

இருகூர் தாண்டி சிந்தாமணிப்புதூர்ல திருச்சி ரோடு குறுக்கே வரும், நேராப் போங்க. பட்டணம் பிரிவு, வெள்ளலூர்ப் பக்கம், செட்டிபாளையம் ரோடு, ஈச்சனாரி கிட்ட பொள்ளாச்சி ரோடு, கடைசியா மதுக்கரை. மொத்தம் 28 கிலோமீட்டர் சுமார். மதுக்கரையிலிருந்து வாளையாறு வரைக்கும் மறுபடி நடுவுல டிவைடர் போட்ட நாலு வழி.

லாரிப்பேட்டை:
மேல சொன்னது சரிங்க. ஆனா அந்த 28 கிலோமீட்டரைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா ஆபத்து அங்கதான் இருக்கு.

செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரைக்கும் ஆறு வழி. அதுல 100 கிட்ட ஓட்டி ஓட்டிக் காலும் கண்ணும் அந்த வேகத்துக்குப் பழகியிருக்கும். நீலாம்பூர்ல திரும்பின உடனே ரெண்டே வழி, டிவைடர் கிடையாது, எதிர்ல வர்ற வண்டி நேரா முகத்துக்கு வருது. ரோடு மாறினது தெரிஞ்சாலும் வேகம் மாறினது உடம்புக்குத் தெரியாது. 60ல போறதே நெம்ப மெதுவாத் தெரியும். அதனால உணர்வை நம்பாம ஸ்பீடாமீட்டரைப் பார்த்து ஓட்டுங்க.

முந்தறதுக்குக் கணக்கு பாருங்க. முன்னாடி லாரி 50ல போகுது, நீங்க 70ல முந்தறீங்க. வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு ஐந்தரை மீட்டர். பின்னாடி விட்ட இடைவெளி, லாரியோட நீளம், முன்னாடி விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 60 மீட்டர்னு வெச்சா 11 விநாடி ஆகும். அந்த 11 விநாடியில உங்க கார் 210 மீட்டர் ஓடும். எதிர்ல 70ல வர்ற வண்டியும் 210 மீட்டர் ஓடும். ஆக 420 மீட்டருக்கு மேல ரோடு காலியாத் தெரிஞ்சாத்தான் முந்தணும். லோ பீம்ல உங்களுக்குத் தெரியறதே 50 மீட்டர் சுமார். அஞ்சு பேரும் பெட்டியும் இருக்கிற வண்டி 50லிருந்து 70க்கு எகிறவே நேரம் எடுக்கும், அதையும் இந்தக் கணக்குல சேர்க்கலை.

இவ்வளவும் பண்ணி என்ன மிச்சம்? 28 கிலோமீட்டரை 50ல ஓட்டினா 34 நிமிஷம், 70ல ஓட்டினா 24 நிமிஷம். பத்தே நிமிஷம்தான். லாரிக்குப் பின்னாடி 40 மீட்டர் விட்டு அப்படியே போங்க. ரொம்ப ஒட்டிப் போனா லாரிக்காரர் கண்ணாடியில நீங்க தெரியவே மாட்டீங்க. அவர் வலது இண்டிகேட்டர் போட்டா முந்தச் சொல்றார்னு எடுத்துக்காதீங்க, அவர் வலப்பக்கம் திரும்பவும் போடுவார். எதிர் வண்டி ஹை பீம் போட்டு வந்தா பதிலுக்கு நீங்களும் போடாம, இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்க.

இன்னொண்ணு, கிளம்பற நேரம். 4 மணிக்குக் கிளம்பினா நீலாம்பூர் வரும்போது இருட்டு விலகியிருக்காது. ஒரு மணி நேரம் தள்ளி 5 மணிக்குக் கிளம்புங்க. பைபாஸ்ல ஏறும்போது வெளிச்சம் வந்திருக்கும், காலேஜ் பஸ் கூட்டமும் ஆரம்பிச்சிருக்காது. 8 மணிக்கு மேல நீலாம்பூர்ப் பக்கம் வேண்டாமுங்க.

பீளமேடு_ராத்திரி:
விடியக்காலையில போறவங்களுக்கு ஊருக்குள்ள போற வழியே தேவலைன்னு என் கருத்து. 2025 அக்டோபர்ல திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் கோல்டுவின்ஸ்ல ஏறினா உப்பிலிபாளையம் வரைக்கும் 10.1 கிலோமீட்டர், சிக்னலே இல்லை. உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலமும் 2024லயே வந்தாச்சு. நடுவுல டிவைடர் இருக்கு, எதிர்வண்டிப் பயம் இல்லை.

சூலூர்_பிரிவு:
@பீளமேடு_ராத்திரி, ராத்திரி 11 மணிக்கு மேல, ஊரைத் தெரிஞ்சவங்க ஓட்டினா நீங்க சொல்றது சரிதானுங்க. ஆனா ரெண்டு மேம்பாலத்துக்கும் நடுவுல இருக்கறதைப் பாருங்க. உப்பிலிபாளையத்துல இறங்கி, ரயில்வே ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய், உக்கடம் பிடிக்கணும். ஒருவழிப் பாதைங்க இருக்கு, புதுசா வர்றவங்க ஒரு திருப்பம் விட்டாலே சுத்திச் சுத்தி வருவாங்க. உக்கடத்துல ஏறினப்புறம் வலப்பக்கக் கிளை பாலக்காடு ரோடு, இடப்பக்கக் கிளை பொள்ளாச்சி ரோடு. அதைத் தவறவிட்டா சுந்தராபுரம் போய்ச் சேருவாங்க. சரியாப் பிடிச்சாலும் குனியமுத்தூர்ல கடைவீதி நெருக்கம். வயசானவங்களோட, ஊர் தெரியாம, காலை 6 மணிக்கு மேல வர்றவங்களுக்கு இது வேண்டாம். பைபாஸ்ல பொறுமை மட்டும் இருந்தாப் போதும், வழி தவற வாய்ப்பில்லை.

சங்ககிரி_வண்டி:
நெம்ப நன்றிங்க. 5 மணிக்கே கிளம்பறோம். மேப் ஏன் ஒவ்வொரு நேரமும் மாத்தி மாத்திக் காட்டுது? நீலாம்பூரை விட்டுட்டா எங்க திரும்பறது?

மேப்_செட்டிங்:
மேப் அந்த நேரத்து நெரிசலைப் பார்த்து நிமிஷக் கணக்குல வழி மாத்தும். ரெண்டு வழியும் தூரத்துல கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால மூணு நிமிஷ வித்தியாசம் வந்தாலே வழி மாறிடும். முதல்ல டோலைத் தவிர்க்கற வசதி ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா சர்வீஸ் ரோட்டுலயும் ஊர்ப் பாதையிலயும் இழுத்துட்டுப் போகும். அப்புறம் குருவாயூர்னு மட்டும் போடாம, நடுவுல பைபாஸ் மேல ஒரு ஸ்டாப் சேர்த்துடுங்க. ஸ்டாப் இருக்கிற வரைக்கும் அது உங்களை அவிநாசி ரோட்டுக்குள்ள தள்ளாது.

மேம்பாலத்துல மேப்பை நம்பவே கூடாதுங்க. நீங்க பாலத்து மேல இருக்கீங்களா, கீழ இருக்கீங்களான்னு ஜிபிஎஸ்ஸால உறுதியாப் பிரிச்சுப் பார்க்க முடியாது. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு. அதனால கீழ போயிட்டிருக்கும்போது மேல போறதாவும், மேல இருக்கும்போது இப்பவே இடப்பக்கம் திரும்புன்னும் சொல்லும். அந்த இடத்துல போர்டுதான் பேச்சு.

நீலாம்பூரை விட்டுட்டா பதறாம நேராச் சின்னியம்பாளையம் வரைக்கும் போங்க. அங்க யூ டேர்ன் அடிச்சுத் திரும்பி வந்தா பைபாஸ் இப்ப உங்களுக்கு வலப்பக்கம். மொத்தமே கால் மணி நேரம் நஷ்டம். பிரிவுலயே பிரேக் அடிச்சு நிக்கறதோ, ஓரமா ரிவர்ஸ் எடுக்கறதோ கூடவே கூடாது, பின்னாடி லோடு லாரி வந்துட்டு இருக்கும். சின்னியம்பாளையத்தையும் விட்டுட்டீங்கன்னா கோல்டுவின்ஸ்ல மேம்பாலம் ஏறாதீங்க. கீழயே ஹோப் காலேஜ் வந்து, இடப்பக்கம் காமராஜர் ரோடு பிடிச்சு, சிங்காநல்லூர்ல இடப்பக்கம் திருச்சி ரோடு, ஒண்டிப்புதூர் தாண்டி சிந்தாமணிப்புதூர்ல வலப்பக்கம் திரும்பினா அதே பைபாஸ்.

ஊட்டி_கேள்வி:
இடையில கேக்கறதுக்கு மன்னிச்சுக்குங்க. சேலத்துலிருந்து ஊட்டி போகவும் நீலாம்பூர் வரைக்கும் வரணுமா?

சூலூர்_பிரிவு:
வேண்டாமுங்க. அவிநாசியில மேம்பாலம் ஏறாம சர்வீஸ் ரோட்டுல இறங்கி ஊருக்குள்ள வந்து, அன்னூர் வழியா மேட்டுப்பாளையம். 40 கிலோமீட்டர் சுமார், கோவையைத் தொடவே வேண்டாம். ஊட்டிக்கு வண்டி போக இ-பாஸ் (ஆன்லைன் அனுமதி) முன்னாடியே எடுத்துக்குங்க, 2024 மே மாசத்துலிருந்து அது கட்டாயம்.

லாரிப்பேட்டை:
சங்ககிரி அண்ணாவுக்கு ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. கேரியர்ல பெட்டின்னு சொன்னீங்க. மதுக்கரை தாண்டினா பாலக்காட்டுக் கணவாய். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மேக்காத்து மலை இடைவெளியில குவிஞ்சு வேகமா வரும். நேர் எதிர்க்காத்தா இருந்தாப் பரவாயில்லை. ரோடு வளையற இடத்துலயும், பக்கத்துல போற பெரிய லாரியோட மறைவை விட்டு வெளிய வர்ற இடத்துலயும் பக்கவாட்டுல தள்ளும். ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் பிடிங்க. தார்ப்பாயை முன்பக்கம் திறப்பு இல்லாமக் கட்டுங்க. காத்து உள்ள புகுந்துச்சுன்னா கயிறே அறுந்துடும். அரை மணி நேரம் ஓட்டினதும் ஒரு தடவை நிறுத்திக் கயிறு இளகியிருக்கான்னு பாருங்க, புதுக் கயிறு கண்டிப்பா இளகும்.

டோல் வரிசையா விஜயமங்கலம், கணியூர், அப்புறம் மதுக்கரை, வாளையாறு தாண்டிப் பாம்பாம்பள்ளம். திருச்சூர் வழியாப் போனா வடக்கஞ்சேரி கிட்ட பன்னியங்கரை. ஃபாஸ்டேக்ல காசு இருக்கான்னு முந்தின நாளே பாருங்க. டேக் வேலை செய்யலைன்னா, 2025 நவம்பர் 15லிருந்து யூபிஐல கட்டினா ஒண்ணேகால் மடங்கு. வண்டி நின்னு போச்சுன்னா 1033, ஹைவே உதவி எண். பைபாஸ்ல நின்னா எல்லாரும் இடப்பக்கமா இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நில்லுங்க, வண்டிக்குள்ள உக்காந்திருக்க வேண்டாம். அப்புறம் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு நல்லாப் பின்னாடி தள்ளி வைங்க.

மேப்_செட்டிங்:
திரும்பி வர்ற வழி. மதுக்கரையிலிருந்து அதே பைபாஸ்ல நீலாம்பூர் வரைக்கும் வாங்க. சேலத்துக்கு வலப்பக்கம், நீங்க விமான நிலையத்துக்காக இடப்பக்கம், அவிநாசி ரோட்டுல ஊர்ப்பக்கமாத் திரும்பணும். ஆறேழு கிலோமீட்டர்தான். சின்னியம்பாளையம் தாண்டிக் கோல்டுவின்ஸ் வரும்போது கவனம்: அங்கதான் மேம்பாலம் ஆரம்பம். விமான நிலையத் திருப்பம் அதுக்கு அடுத்து, பாலத்துக்குக் கீழ, இடப்பக்கம் இருக்கு. மேல ஏறிட்டீங்கன்னா விமான நிலையம் கண்ணுக்குக் கீழயே கடந்து போயிடும். அதனால சின்னியம்பாளையத்துலயே இடது லேன் பிடிச்சு, பாலத்துக்கு இடப்பக்கமாக் கீழ் ரோட்டுலயே வாங்க. இறக்கிவிட்டுட்டு வெளிய வந்தா சேலம் பக்கம் போக வலப்பக்கம் திரும்பணும். நேரா வலது எடுக்க விடலைன்னா இடப்பக்கம் போய் அடுத்த யூ டேர்ன்.

விமானத்துக்கு நேரம் குறைவுன்னா பைபாஸ்ல லாரி வரிசைக்கு 40 நிமிஷம், நீலாம்பூரிலிருந்து உள்ள வர 20 நிமிஷம்னு வெச்சுக் கணக்குப் போடுங்க. சாயங்காலம்னா இன்னும் அரை மணி கூட்டிக்குங்க.

சங்ககிரி_வண்டி:
எல்லாருக்கும் நன்றிங்க. டோல் ஆப்ஷனை மாத்திட்டேன். ஸ்டாப்புக்கு ஈச்சனாரி விநாயகர் கோயில்னு போட்டிருக்கேன், சரிதானே?

மேப்_செட்டிங்:
அதைப் போடாதீங்க. கோயில் பொள்ளாச்சி ரோட்டு மேல இருக்கு, பைபாஸ் மேல இல்லை. சாமி கும்பிடறதா இருந்தா சரி. இல்லைன்னா சந்திப்புல உங்களைத் திருப்பிக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்த்தான் விடும். மேப்பைப் பெரிசு பண்ணி, பட்டணம் பிரிவுக்கும் செட்டிபாளையம் ரோட்டுக்கும் நடுவுல பைபாஸ் கோட்டு மேலயே விரலை அழுத்திப் பிடிச்சுப் புள்ளி வைங்க. நீங்க போற பக்கத்து லேன்ல விழுந்திருக்கான்னு ஒரு தடவை பாருங்க. புள்ளி பக்கத்துச் சந்துல விழுந்தா அந்தச் சந்துக்குள்ளயும் கூட்டிட்டுப் போயிடும்.