குட்டியின்ட பாஸ்கட்போல் ஷூட்டிங்: வீட்டுக் குழு, ஞாயிறு பின்னேரம்

குட்டி, 4:12
மாமா, வீடியோ போட்டிருக்கன் பாருங்கோ. பிறீ த்ரோ (ஆரும் தடுக்காம கோட்டில நிண்டு அடிக்கிறது) 20 அடிச்சு 7 தான் போனது 😞

சின்ன மாமா, 4:31
பார்த்தன் பிள்ளை. போகாத 13ம் எந்தப் பக்கம் போனது எண்டு எண்ணினியா?

குட்டி, 4:31
இல்லை மாமா.

சின்ன மாமா, 4:33
நான் எண்ணிட்டன். 8 வலப்பக்கம். 4 கட்டையா, ரிங்கின்ட முன் விளிம்பில. 1 தான் நீண்டு போனது. பக்கம் விலகிறதும் கட்டையா விழுறதும் வேற வேற வருத்தம், மருந்தும் வேற. விலகினா கையைப் பார். கட்டையா விழுந்தா காலைப் பார்.

உவர்மலை அக்கா, 4:36
வலப்பக்கம் போறது உன்ர இடக்கைப் பெருவிரலால. 6வது செக்கன்ல வீடியோவை நிப்பாட்டிப் பார். பந்து கையை விடேக்க அந்தப் பெருவிரல் பந்தை உந்துது. இடக்கை பந்தைப் பக்கத்தால தாங்கிறதுக்கு மட்டும்தான், தள்ளக் கூடாது. பந்தில இருக்கிற கோடுகளையும் பார். சுத்தமா பின்னுக்குச் சுழண்டா கோடு ஆடாது. உன்ர பந்து பம்பரம் சாயிற மாதிரி சரிஞ்சு சுழலுது.

குட்டி, 4:38
ஓம் அக்கா, இப்பதான் தெரியுது. எப்பிடித் திருத்திறது?

உவர்மலை அக்கா, 4:42
ரிங்குக்கு 1 மீற்றர் முன்னால நில். இடக்கையை முதுகுக்குப் பின்னால வை. வலக்கை விரல் நுனிச் சதையில பந்து இருக்கவேணும், உள்ளங்கைக்கும் பந்துக்கும் இடையில ஒரு விரல் போற இடைவெளி. முழங்கை பந்துக்குக் கீழ. ரிங்கில படாம 25 போடு. பிறகு இடக்கையைச் சேர், ஆனா அந்தப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில 2 ரூபாய்க் குத்தி ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு அடி. பெருவிரல் உந்தினா குத்தி விழும். விழாம 25.

பெரியம்மா, 4:45
நெட்போல்ல நல்லா அடிச்ச பிள்ளைதானே? இதில ஏன் தடுமாறுது?

சின்ன மாமா, 4:52
அக்கா, ரிங் உயரம் ரெண்டிலயும் 3.05 மீற்றர்தான். பந்துதான் வேற. நெட்போல் பந்து 400 தொடக்கம் 450 கிராம். பெண்களின்ர பாஸ்கட்போல், 6ம் இலக்கம், 510 கிராமுக்கு மேல. 60 கிராமாவது கூட. அதை நெட்போல் மாதிரிக் கையால மட்டும் அனுப்பப் பார்க்கிறா, அதுதான் அந்த 4ம் கட்டையா விழுந்தது. பிறகு, நெட்போல்ல தடுக்கிற ஆள் 0.9 மீற்றர் தள்ளி நிக்கவேணும், ஆறுதலாப் பந்தைத் தலைக்கு மேல கொண்டுபோகலாம். இங்க கைக்கு எட்டின தூரத்தில ஆள் நிக்கும். இலங்கை நெட்போல் வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2.08 மீற்றர் உயரம், அவவுக்கு மேல பிடிச்சு மெல்ல விட்டாலே காணும். எங்கட குட்டிக்குக் கால்தான் பலம்.

உவர்மலை அக்கா, 4:55
நெட்போல்ல பழகின உயரமான வளைவை மட்டும் விட்டுடாத, அது பொன் மாதிரி. ரிங்கின்ட அகலம் 45 சென்ரிமீற்றர், உன்ர பந்து 23. பந்து 45 பாகையில இறங்கினா அதுக்கு 32 சென்ரிமீற்றர் வாசல் கிடைக்கும். 30 பாகையில தட்டையா வந்தா வாசல் 22.5 தான், விளிம்பில படாம உள்ள போகவே ஏலாது.

சின்ன மாமா, 5:01
இப்ப கால். பாதம் ரெண்டும் தோள் அகலத்தில, வலக்கால் அரைப் பாதம் முன்னுக்கு. முழங்காலை மடிக்கேக்க பந்து இடுப்புப் பக்கம் இறங்கட்டும். கால் நிமிரேக்கயே பந்தும் மேல ஏறவேணும், ஒரே ஓட்டத்தில. வீடியோவில நீ நிமிர்ந்து முடிஞ்சு, பந்தை நெத்திக்கு முன்னால ஒருக்கா நிப்பாட்டி, பிறகுதான் விடுறாய். அந்த இடத்தில காலால வந்த பலம் முழுக்கச் செத்துப்போகுது. விட்ட பிறகு மணிக்கட்டு மடிஞ்சு, விரல் ரிங்கைப் பார்த்தபடி, பந்து ரிங்கில படுமட்டும் கையை இறக்காத.

தம்பி, 5:03
அக்கா நான் மூண்டு பொயின்ற் அடிக்கட்டா

உவர்மலை அக்கா, 5:04
அந்தக் கோடு 6.75 மீற்றர் ராசா. உன்ர வயசுக்கு 5ம் இலக்கப் பந்தும் 2.60 மீற்றர் ரிங்கும். ரிங்கைப் பதிக்க ஏலாட்டி 2 மீற்றருக்குள்ள நிண்டு அடி. தூரத்தில நிண்டா தோளால எறியப் பழகிடுவாய், அதைப் பிறகு மாத்திறது பெரும்பாடு.

பெரியம்மா, 5:10
பின்னேரம் கச்சான் காத்து இப்பிடி அடிக்குதே, அதிலயும் விலகும்தானே?

சின்ன மாமா, 5:13
கட்டாயம் விலகும். காத்தில விலகினதுக்குக் கையைத் திருத்தப் போனா இருக்கிறதும் கெட்டுப்போகும். காலமை 6 மணிக்கு, காத்து எழும்ப முதல் போகட்டும். பந்தின்ட காத்தையும் பார் குட்டி: தலை உயரத்தில இருந்து கையை விட்டா இடுப்புக்கு மேல வரவேணும், நெஞ்சைத் தாண்டக் கூடாது.

குட்டி, 5:15
சரி மாமா. பிறீ த்ரோ எத்தினை அடிக்கட்டும்?

சின்ன மாமா, 5:19
முதல் அக்கா சொன்ன ரெண்டு 25ம். பிறகு 2 மீற்றர்ல ஐஞ்சு இடத்தில இருந்து ஐஞ்சு ஐஞ்சு. ரெண்டு பக்கச் சரிவில நிக்கேக்க ரிங்குக்குப் பின்னால இருக்கிற பலகையைப் பாவி, நெட்போல்ல பலகை இல்லாதபடியா உனக்கு அந்த நினைவே வருகுதில்லை. சின்னச் சதுரத்தின்ட உன் பக்க மேல் மூலையைக் குறி வை. கடைசியாத்தான் பிறீ த்ரோ 20. ஒரேயடியா 20 இல்லை, ரெண்டு ரெண்டா. மட்சில பெரும்பாலும் ரெண்டுதானே தருவினம், அதுவும் களைச்சு மூச்சு வாங்கேக்க. ஒவ்வொரு ரெண்டுக்கும் பிறகு கோட்டை விட்டு நடுக்கோடு மட்டும் ஓடிப்போய் வா. பந்து கைக்கு வந்தா 5 செக்கனுக்குள்ள அடிக்கவேணும். 3 தரம் தட்டு, மூச்சை விடு, அடி. ஒரே முறை, மாத்தாத.

உவர்மலை அக்கா, 5:21
கொப்பியில எழுது. வ, இ, க, நீ. வலம், இடம், கட்டை, நீளம்.

திங்கள்

குட்டி, 7:25
வ 4, இ 1, க 5, நீ 1. போனது 9. குத்தி 6 தரம் விழுந்தது அக்கா.

சின்ன மாமா, 7:40
ஒரு நாள் கணக்கை நம்பாத, வெள்ளி வரைக்கும் எழுது. வ இறங்கத் தொடங்கியிருக்கு, க அப்பிடியே நிக்குது. நாளைக்கு இடுப்பு மட்டும் தெரியிற மாதிரி இல்லாம, முழங்காலும் தெரிய பக்கத்தில இருந்து வீடியோ எடு.