ஹெல்கோலாந்தில் பார்த்த இந்தக் கதிர்குருவி எது? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, அக்டோபர் கடைசியில் ஹெல்கோலாந்துக்கு ஒரு நாள் போய் வந்தேன், வட கடலில் சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு, 1910 முதல் பறவை ஆய்வு நிலையம் இருக்கிற இடம். முந்தைய இரவு முழுக்கக் கிழக்குக் காற்றும் மழையும். காலையில் புதருக்குப் புதர் குருவிகள், களைத்துப்போய் ஆள் நிற்பதைக்கூடக் கண்டுகொள்ளாமல் பூச்சி தேடிக்கொண்டிருந்தன.

அதில் ஒன்றுதான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கட்டைவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரியது, வெளிறிய நீளப் புருவம், இறக்கையில் இரண்டு பட்டைகள், மேல்பட்டை மங்கல். சைபீரியாவிலிருந்து வழிதவறி வரும் யெல்லோ பிரௌட் வார்ப்ளர் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் முதுகு பச்சையாக இல்லாமல் சாம்பல் கலந்து இருந்தது, கால்களும் அலகும் கருமை. அப்படியானால் அதைப் போலவே இருக்கும் அதன் நெருங்கிய இனமான ஹியூம்ஸ் வார்ப்ளரா? அது அரிது என்பதால் அவசரப்பட்டுப் பதிவு செய்ய மனம் வரவில்லை.

குரல்தான் முடிவு சொல்லும் என்கிறார்கள். போனில் 12 வினாடி பதிவு இருக்கிறது, ஆனால் காற்றின் இரைச்சல் அதிகம், நடுவில் இரண்டே இரண்டு முறை கூப்பிடுகிறது. இரைச்சலைக் குறைத்து ஸ்பெக்ட்ரோகிராம் (ஒலியைப் படமாகக் காட்டும் வரைபடம்) எடுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கோப்பை அனுப்புகிறேன். அப்புறம், மேகமூட்டத்தில் எடுத்த படத்தில் முதுகின் நிறத்தை எந்த அளவு நம்பலாம்? இந்த இரண்டு இனங்களையும் கையில் பிடித்துக் காலில் அடையாள வளையமிட்ட அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.